ஆறு எலிகளும் அறுநூறு முடிச்சுகளும்

மார்ச் 4
இரட்டைத் தலை நுண்ணோக்கியை இன்று கிடங்குக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஒரே கண்ணாடிச் சில்லை இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பார்க்கும் கருவி. அவளும் நானும் அதில்தான் பழகினோம். எலியின் சிறுநீரகத்தில் இரத்தத்தை வடிக்கும் நுண்ணிய முடிச்சுகளைப் பார்ப்பது வேலை. தழும்பு விழுந்தவை எத்தனை என்று அவள் சொல்வாள், நான் எழுதுவேன். தப்பாக எழுதினால் மேசைக்கடியில் என் காலை மிதிப்பாள். எங்கள் கல்யாணத்துக்கு அப்புறமும் மிதித்தாள். விழித்திரை கெட்டபின் நுண்ணோக்கியே கூடாதென்றார் கண் மருத்துவர். வேலையை விட்டாள். எதிர் இருக்கையில் வேறு யாரையும் உட்கார வைக்க எனக்குத் தோன்றவில்லை.

மார்ச் 6
புது மருந்தைச் சோதிக்கும் திட்டம். தலைமை ஏற்றிருக்கும் டாக்டரம்மா என்னைவிட மிகவும் இளையவர், கெட்டிக்காரர். மருந்து கொடுத்த எலி மூன்று, கொடுக்காதது மூன்று, எலிக்கு நூறு முடிச்சு என்று போட்டிருக்கிறார்.

"அறுநூறு அளவு கிடைக்குதே சார், போதாதா?"

"மருந்து போறது எலிக்கும்மா, முடிச்சுக்கு இல்ல. ஒரே வீட்டுல நூறு தடவை கதவைத் தட்டினா ஊரையே கேட்டதா ஆகுமா?"

அவர் முகம் சுண்டிப்போனது. "கூடுதல் எலிக்கு, அனுமதி தர்ற நெறிக்குழு ஒத்துக்காது. திட்டமே கைவிட்டுப் போயிடும்."

அதுவும் உண்மைதான். என்ன செய்ய?

மார்ச் 7
வீட்டில் வெங்காயம் உரித்தபடி அவள் கேட்டாள்: "எலிக்கு எலி எவ்வளவு மாறுது, ஒரே எலிக்குள்ள எவ்வளவு மாறுதுன்னு பார்த்தீங்களா? நம்ம பழைய சில்லுங்க அலமாரியில தூங்குதே. புதுசா ஒண்ணையும் கொல்ல வேணாம்."

மார்ச் 15
ஒவ்வொரு சில்லின் ஓரத்திலும் அவள் கையெழுத்து, எறும்பு ஊர்ந்த மாதிரி. சீக்கிரம் முடிய வேண்டிய வேலை இழுத்துக்கொண்டே போனது — ஏன் என்று எனக்கே சொல்லிக்கொள்ள வேண்டுமா?

ஒரே எலியின் முடிச்சுகள் கூடப்பிறந்தவை போல ஒத்துப்போகின்றன. எலிக்கு எலிதான் ஏணி வைத்தாலும் எட்டவில்லை. நூறு முடிச்சு வீண் உழைப்பு, இருபது போதும். எலிதான் வேண்டும். மருந்து கொடுக்கப் பத்து, கொடுக்காமல் பத்து.

மார்ச் 28
நெறிக்குழுவில் ஒரு கால்நடை மருத்துவர்: "மூணு கேட்ட இடத்துல பத்தா? அதுங்களும் உயிர்தானே?"

நான் வாய் திறக்குமுன் டாக்டரம்மா சொன்னார்: "ஆறைக் கொன்னும் ஒண்ணும் தெரியலைன்னா, அந்த ஆறும் வீணாப் போன உயிர்தானே சார்."

ஒத்துக்கொண்டார்கள். ஒரு நிபந்தனை: இரண்டு பேர் தனித்தனியாக எண்ண வேண்டும்.

ஏப்ரல் 2
"இப்பல்லாம் பெரிய திரையிலதானே பார்க்கிறோம். உங்க வீட்டு மேடம் எண்ண மாட்டாங்களா?" என்றார் டாக்டரம்மா.

அன்று மாலையே கண் மருத்துவரிடம் நேரம் கேட்டேன்.

ஏப்ரல் 9
திரை பரவாயில்லை, நடுநடுவே கண்ணுக்கு ஓய்வு கொடுத்தால் போதும் என்கிறார் கண் மருத்துவர்.

ஆகஸ்ட் 19
எண்ணத் தொடங்கிவிட்டோம். அவளுக்கு ஓர் அறை, எனக்கு அடுத்த அறை. மதியம் கதவைத் தட்டி, முதல் எலிக்கு எத்தனை வந்தது என்று கேட்டேன்.

"சொல்லக் கூடாது. போங்க."

போனேன். நடைவழி முழுக்கச் சிரித்துக்கொண்டே போனேன் என்று டாக்டரம்மா சொல்கிறார்.