ரெஸ்யூம் தேடும் ஸ்கிரிப்ட்

திங்கள், 9

காலையிலேயே புழுக்கம். பம்மல் மெயின் ரோட்டில் குழாய்க்குத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். ஷேர் ஆட்டோவில் நாற்பது நிமிடம். ஆபீஸ் ஏசி சும்மா இரைகிறது.

ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவன் நான்தான் என்பதால் மேனேஜர் கூப்பிட்டார். ஒரே மாதத்தில் மூன்று பேர் வேறு கம்பெனிக்குப் போய்விட்ட கடுப்பு. எல்லா கம்ப்யூட்டரிலும் யார் ரெஸ்யூம் வைத்திருக்கிறார்கள் என்று சத்தமில்லாமல் தேடித் தரவேண்டுமாம். மாட்டினால் சீட்டு கிழியும். எல்லார் மெஷினையும் துழாவலாம் என்று உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம்தான், மறைப்பானேன்.

செவ்வாய், 10

ஸ்கிரிப்ட் தயார், பத்து வரி புரோகிராம்தான். என் சீட்டில் இருந்தபடியே ஒவ்வொரு மெஷினுக்குள்ளும் போய் ஃபைண்ட் கமாண்டை ஓட்டி, பெயரில் ரெஸ்யூம் என்று இருக்கிற ஃபைலையெல்லாம் பட்டியல் போடும். முதல் ஓட்டம் சொதப்பல். ஃபைல் பெயரில் இடைவெளி இருந்தால் இரண்டாக உடைத்துவிட்டது. மேற்கோள் குறி போட்டதும் சரி.

மதியம் தயிர் சாதம், மாவடு.

மொத்தம் ஏழு ஃபைல். ஏழும் டைப்பிங் கலா அக்கா மெஷினில். திறந்து பார்த்தேன். ஒன்றுகூட அவருடையது இல்லை. லேத் பட்டறையில் வேலை போன வீட்டுக்காரருக்கு ஒன்று. பொழிச்சலூரில் அவர் தெருக்காரர்களுக்கு ஐந்து. யார் கேட்டாலும் அடித்துக் கொடுத்துவிடுவார். ஏழாவது என்னுடையது. போன தீபாவளி சமயம் நான்தான் கெஞ்சி அடித்து வாங்கினேன். பட்டியலை உடனே மூடினேன்.

புதன், 11

ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்தேன். என் பெயர் வந்தால் விட்டுவிடும். மறுபடி ஓட்டினேன். ஆறு. மேனேஜருக்கு அனுப்பியாயிற்று.

மற்றவர்களுக்காக அடித்தது என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம். எழுதவில்லை. போன மாதம் எல்லார் முன்னாலும், ஒரு மவுஸ் மாற்ற நாலு நாளா என்று என்னைக் கேட்ட அக்கா வாய்தானே. அனுபவிக்கட்டும்.

வியாழன், 12

தூறல். கலா அக்காவின் பதினொரு வருஷ வேலை, பத்து நிமிடத்தில் முடிந்தது. அக்கா வீட்டில் இப்போது அவர் சம்பளம் மட்டும்தான். மேனேஜருக்கும் தெரியும்.

அக்கவுண்டை மூட நான்தான் போனேன். அக்கா டிபன் பாக்ஸ், குன்றத்தூர் முருகன் படம், சீப்பு எல்லாவற்றையும் கட்டைப்பையில் வைத்துக்கொண்டிருந்தார். பாஸ்வேர்டு கேட்டேன். எழுதிக் கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மத்தவங்களுக்கு அடிச்சதுன்னு சொன்னேன், சார் நம்பல. இந்த ஆபீஸ்ல யாருக்கு அடிச்சேன்னு ஒருத்தர் பேராவது சொல்லு, விட்டுடறேன்னாரு. உன்னோடது ஒண்ணு இருந்துச்சு பிரபு. சொல்லாம வந்து அழிச்சிட்டேன். பயப்படாதப்பா."

சரிக்கா என்றேன். அவர் படியிறங்குவதற்குள் அக்கவுண்டை மூடிவிட்டேன்.