நீர்யானை முதுகில் என் விரல்

பிப்ரவரி 11, செவ்வாய்.

கியாக்டடா பேட்டையில் நான் பொய்ப்பல் செய்யும் பட்டறையின் பழைய உலையிலிருந்து இன்று ஒரு குட்டி நீர்யானை நீலமாக வெளியே வந்தது. பண்டைய எகிப்தியர் கல்லறையில் வைத்த பொம்மைகளைப் போலவே படிகக்கல் பொடி, சோடா உப்பு, கொஞ்சம் செம்பு சேர்த்துப் பிசைந்தேன். காயும்போது உப்பு தானாக மேலே பூக்கும். சூட்டில் அதுவே நீலப் பளபளப்பாகிவிடும். மூன்றாவது முயற்சி. நல்லவேளை, கரண்ட் போகவில்லை.

வீட்டில் சாந்தா திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“முதுகுல மட்டும் ஏங்க வெள்ளையா இருக்கு?”

“காஞ்சிருச்சான்னு தொட்டுப் பாத்தேன். பூத்த உப்பு விரலோட வந்துருச்சு.”

“அப்ப இன்னொண்ணு செய்யுங்க.”

மாட்டேன். இருபது வருடமாக நான் செய்த பற்களோடு இந்த ஊரே சிரிக்கிறது. செய்த பல் என்று தெரியாமலிருப்பதுதான் அதில் என் திறமை. இதில் மட்டும் என் கட்டைவிரல் அப்படியே தெரிகிறது.