ஜூன் மாதத்து நாற்பத்தொன்று

ஜூலை 3

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீ வேலைக்கென்று ஊர் மாறிப் போன பிறகும் பாலத்தடி ஆற்றில் உன் பூச்சிக் கணக்கை விடாமல் எடுக்கிறேன். மாதத்தின் முதல் ஞாயிறு மூன்று நிமிடம் காலால் கற்களைக் கிளறுவது, வலையில் சிக்கியதை வெள்ளைத் தட்டில் கொட்டி எண்ணுவது, எண்ணியதைத் தாளில் எழுதி மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிக்குக் கொடுத்துப் பாலத்திலும் ஒட்டுவது. ஜூனில், சுத்தமான தண்ணீரில் மட்டுமே வாழும் கல்லடிப் புழு மட்டும் நாற்பத்தொன்று. ஆனாலும் போன வாரம் மீன்கள் செத்து மிதந்தன. எல்லோருக்கும் சாயப்பட்டறை மேல்தான் சந்தேகம்.

கடிதமே காணோமே, தம்பி கசந்துவிட்டானா?

உன் தம்பி

ஜூலை 11

அன்புள்ள தம்பிக்கு,

கசக்கவில்லை. வேலையில் தலை நிமிர நேரமில்லை.

அந்தப் புழு மே மாதமே சிறகு முளைத்துப் பறந்துவிடும். ஜூனில் தண்ணீரில் ஒன்றிரண்டு கிடைத்தாலே அதிகம். நாற்பத்தொன்று என் பழைய நோட்டில் மார்ச் மாதத்துக்கு எழுதியது. எனக்கே காது குத்துகிறாயா? நீ ஆற்றில் இறங்கவேயில்லை.

கோபம் கோபமாக வருகிறது. ஆறு நன்றாயிருக்கிறது என்று நீ எழுதிக் கொடுத்த தாளைக் காட்டியே பட்டறைக்காரர் தப்பித்துவிடுவார். அதிகாரியிடம் போய் உண்மையைச் சொல்.

அக்கா

ஜூலை 19

அன்புள்ள அக்காவுக்கு,

இறங்கவில்லை, உண்மைதான். மே மாதம் பாசியில் வழுக்கி விழுந்து நன்றாகத் தண்ணீர் குடித்தேன். அதிலிருந்து கரைவரை போய்ப் பயந்து திரும்பிவிடுகிறேன். முழங்கால் தண்ணீரில் முங்கினவன் என்று ஆயுசுக்கும் கிண்டல் செய்வாய் என்றுதான் மறைத்தேன்.

நேற்று அதிகாரியிடம் சொல்லிவிட்டேன். திட்டியிருந்தாலாவது தேவலை. “உங்க தாளைத்தான் தம்பி, பட்டறைக்காரர் என் மேசையில போட்டுட்டுப் போனாரு” என்றார். ஜூன் கணக்கை அடித்துவிட்டார். புதிதாக எண்ணிக் கொடுத்தால் விசாரிப்பாராம். ஆனால் பயிற்சி எடுத்த இன்னொருவரும் கூட நின்று கையெழுத்துப் போட வேண்டும். இங்கே பயிற்சி எடுத்தது நீயும் நானும்தான். உன்னை வா என்று கூப்பிட எனக்கு முகமில்லை.

தம்பி

ஜூலை 25

தம்பிக்கு,

மூன்று நாள் விடுப்பு எடுத்திருக்கிறேன். ஆகஸ்ட் முதல் ஞாயிறு காலை வந்துவிடுவேன். கிண்டல் செய்யமாட்டேன் என்று வாக்குக் கொடுக்க முடியாது. உன் இடுப்பில் கயிறு கட்டி நான் கரையில் பிடித்துக்கொள்கிறேன், இறங்குவது நீதான். தட்டைக் கழுவி வை.

அக்கா

செப்டம்பர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லா வகையும் சேர்த்தே நாம் எண்ணிக் கொடுத்த ஆறே ஆறு புழுக்களை வைத்துப் பட்டறையின் கழிவுக் குழாயைச் சோதித்தார்கள். போன வாரம் அதை அடைத்துவிட்டார்கள்.

இன்று நீ இல்லாமல் இறங்கினேன். எதிர்வீட்டுத் தையல்காரர் கயிறு பிடித்தார். ஒரு நிமிடத்துக்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை, ஏறிவிட்டேன். தட்டில் இரண்டு புழு இருந்தது. தாளில் மூன்று நிமிடம் என்று அச்சடித்திருந்ததை அடித்து, ஒரு நிமிடம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

உன் தம்பி