போட்டிக்கடைப் பெட்டி

அன்பு மகள் சிஹாருவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம், பலகாரம் சுடுகிற அச்சு அடுப்பும் நலம், என் முழங்கால் மட்டும் படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. சப்போரோவில் பனி கொட்ட ஆரம்பித்துவிட்டதாக டிவியில் சொன்னார்கள், ஆஸ்பத்திரி வேலைக்குப் போகும்போது காது மூடுகிற தொப்பி போடுகிறாயா இல்லையா? இங்கே இலையெல்லாம் சிவந்து நம் மியாஜிமா தீவு முழுக்க ஜனம், வந்தவர்கள் யாரும் ஊருக்கு ஒரு பெட்டி மோமிஜி மான்ஜூ, அதுதான் நம் இலை வடிவப் பூரணப் பலகாரம், வாங்காமல் படகு ஏறுவதில்லை, மாவு கரைத்துக் கரைத்து என் தோள் கழன்று விழாத குறைதான்.

சரி, நீ எதற்குக் காத்திருக்கிறாய் என்று தெரியும், விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை உன் கோஹெய் வந்தார். கடைசி நேரத்தில் உனக்கு லீவு கிடைக்காததால் பாவம், தனியாகவே வந்து பெண் கேட்கும்படி ஆயிற்று. அப்பாவுக்குக் காலையிலிருந்தே முகம் சரியில்லை, "வடகோடியில இருக்கறவனுக்குக் குடுத்துட்டு அப்புறம் பொண்ண போட்டோலதான் பாக்கணும்" என்று இலை அச்சை டங்கு டங்கென்று தட்டிக்கொண்டிருந்தார். வந்த பிள்ளைக்கோ டை கோணல், முழங்காலில் மண். மண்டியிட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் பெட்டியை நகர்த்தி, "ஒண்ணும் பிரமாதமில்லீங்க, சும்மா சின்னதா" என்று முறையாகச் சொல்லிக் குனிந்தார். உறையைப் படித்துப் பார்த்தேன். நிஷிமுரா கடை! மோமிஜி மான்ஜூ செய்கிற வீட்டுக்கு மோமிஜி மான்ஜூ, அதுவும் போட்டிக்கடையிலிருந்து! நிஷிமுரா இலைக்குள் பயறுப் பூரணத்துக்குப் பதில் பாலாடைக்கட்டி வைத்த நாளிலிருந்து உன் அப்பா அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை என்பது உனக்குத் தெரியாததா. வந்த பெட்டியை முதலில் முன்னோர் மாடத்தில் வைத்தாக வேண்டுமே, வைத்தேன், படத்திலிருந்த உன் தாத்தாவே என்னை முறைப்பது போலிருந்தது.

கோஹெய் தரையில் தலை படக் குனிந்து, "சிஹாருவைக் கல்யாணம் பண்ணிக்க உங்க சம்மதம் வேணும்" என்றார். அப்பா "எங்க தொழில் என்னன்னு அவ சொல்லலியா?" என்று மட்டும் கேட்டார். "சொன்னாங்க, தப்பு என் மேலதான், மன்னிச்சிடுங்க" என்றாரே தவிர, ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை இல்லை. காரியம் கெட்டது, இனி உனக்கு என்னவென்று எழுதுவேன் என்று ஆகிவிட்டது எனக்கு.

அந்த நேரத்தில் கடை வாசலில் குரல், போய்ப் பார்த்தால் நிஷிமுரா வீட்டு யசுகோ! கையில் கோஹெயின் போன், அவள் கடையில் மறந்து வைத்துவிட்டாராம். "காசு வாங்கின பெறகுதான் உங்க வீட்டுக்கு வழி கேட்டாரு, எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது, கூப்பிடறதுக்குள்ள ஓடிட்டாரு" என்றாள். பிறகுதான் கதை வெளியே வந்தது. சப்போரோவிலிருந்து உங்கள் ஊர் வெண்ணெய் பிஸ்கட் கொண்டுவந்திருக்கிறார், நிஷிமுரா கடை இருக்கிற படகுத்துறையில் ஷூ நாடா கட்டக் குனிந்தாராம், நம் ஊர் மான் சும்மா இருக்குமா, பையைக் கவ்விக்கொண்டது. "மானும் அவரும் இழுத்த இழுப்ப நீங்க பாத்திருக்கணும், மான்தான் ஜெயிச்சுது" என்று யசுகோ நடித்தே காட்டினாள். முதல்முறை போகிற வீட்டுக்குக் கையை வீசிக்கொண்டு எப்படிப் போவதென்று பதறி, பலகையைக்கூடப் பார்க்காமல் முதலில் கண்ணில் பட்ட கடைக்குள் நுழைந்து, கைக்குக் கிடைத்த பெட்டியை வாங்கியிருக்கிறார்.

இதை ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று அப்பா கேட்டதற்கு, "மான் மேல பழியப் போட்டுட்டுப் பொண்ணு கேக்க மனசு வரலீங்க" என்றார் கோஹெய். அப்பா சிரித்த சிரிப்பில் டீ சிந்திப் பாய் பாழ், நான்தான் துடைத்தேன். யசுகோவையும் உட்காரச் சொன்னார், நம்புவாயா! மாடத்திலிருந்து பெட்டியை எடுத்துத் தானே பிரித்து, பாலாடைக்கட்டி வைத்ததையே எடுத்துக் கடித்து, "உள்ள இருக்கறது அக்கிரமம், மேல் மாவு பரவால்ல" என்றார். "அதைச் சொல்றதுக்கு ஒரு மான் வரவேண்டியிருந்துச்சு பாருங்க" என்றாள் அவள்.

கிளம்பும்போது கோஹெயின் ஆபீஸில் ஆளுக்கொன்று கொடுக்கச் சொல்லி, நம் கடைப் பெட்டிகளைச் சூடு ஆறுவதற்குள் அப்பாவே கட்டிக் கொடுத்தார். அவர் வாசலில் நின்று, அடுத்த முறை சரியான பெட்டியோடு வருகிறேன் என்று குனிந்தார். அப்பா செருப்பைத் தேடுகிற மாதிரி கீழே பார்த்துக்கொண்டு, "வேணாம். சொந்த வீட்டுக்கு வர்றவன் எதுக்குப் பெட்டி தூக்கிட்டு வரணும்?" என்றார். எனக்குக் கண்ணீர் முட்டிவிட்டது, உள்ளே ஓடிவிட்டேன். ஆனால் அதற்குள் அந்தப் பிள்ளை முழிப்பதைப் பார்த்துவிட்டேன், அப்பா பதிலே சொல்லவில்லை என்று உன்னிடம் வந்து புலம்பியிருப்பார். புலம்பச் சொல்லாதே. உன் அப்பா சம்மதம் சொல்கிற அழகு அதுதான் கண்ணே, இதற்கு மேல் அவர் வாயில் வராது.

இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், ஒருவரையொருவர் சிரிக்கவைத்துக்கொண்டு நீண்ட நாள் வாழ வேண்டும். இந்தக் கடிதம் கிடைத்ததும் அப்பாவுக்குப் போன் செய், ஒன்றும் தெரியாதவள் போலவே கேள், அவராகச் சொன்னதாக இருக்கட்டும். போன் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருக்கிறார்.

உன் அம்மா,
கிமியே