கருவாட்டுக்கு இடமில்லாத வரவேற்பு

அன்பு மகன் சேரனுக்கு உன் நைனா சொல்ல, பக்கத்து வீட்டு ரூபீனா எழுதுவது.

மிக்ஜாம் புயல் அடித்து, பட்டினப்பாக்கத்தில் நம் வாசல்வரை கடல் ஏறி, வீட்டில் பொங்கல் பானைகூட ஏற்றாமல் கிடந்தோமே, அந்தத் தை மாதம்தான் உன்னை லண்டனுக்கு விமானம் ஏற்றினோம். நீ நன்றாக இருப்பதை இந்தப் பொங்கலுக்கு உன் யுனிவர்சிட்டி போட்ட படத்தில் பார்த்துக்கொண்டேன், வேட்டி கட்டிச் சிரிக்கிறாய். என் உடம்பை நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. படத்துக்குக் கீழே இருந்ததை ரூபீனா படித்தாள், எந்த நாட்டுப் பிள்ளையும் எங்கள் குடும்பம்தான், அவரவர் உடையும் உணவும் எங்களுக்குப் பெருமை என்று. உணவும் என்ற இடத்தை இன்னொரு தரம் படிக்கச் சொன்னேன்.

உன் அம்மா சொர்ணம் அனுப்பிய நெத்திலிக் கருவாடு எந்தக் குடும்பத்தில் சேர்த்தி? வெயிலில் உட்கார்ந்து, காக்காய் விரட்டிக் காயவைத்து, கவர்மேல் கவர் சுற்றி அனுப்பினாள். நாற்றம் என்று ஹாஸ்டல்காரர்கள் குப்பையில் போட்டார்கள், நீ பார்த்துக்கொண்டு நின்றாய். பிறகு போனில், "இனிமே அனுப்பாதம்மா, மானம் போவுது" என்றாய். அவள் என்னிடம், "சரியா காயலியோ இன்னாவோ, நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்றாள். சாகிறவரை அப்படியே நினைத்தாள். அது நன்றாகக் காய்ந்திருந்தது சேரா. படத்தைப் பார்த்த உன் பெரியப்பா பஞ்சாட்சரம், "வேட்டி நாறாதில்ல, அதான் படம் புடிச்சிக்கினு கீறானுங்க" என்றார்.

அவள் செத்தபோது வந்தால் படிப்பு போய்விடும், விசா போய்விடும் என்றாய், நம்பினேன். இப்போது லீவு இருக்கிறது. ஆனால் ஆவணியில் அவள் முதல் தெவசத்தன்றுதான் புதிதாக வரும் வெளிநாட்டுப் பிள்ளைகளை வரவேற்று நீ மேடையில் பேச வேண்டுமாம், முடித்துவிட்டு வருகிறாயாம். எல்லாம் முடிந்து வருகிறவனுக்கு இங்கே எச்சில் இலைதான் மிச்சம் இருக்கும். அந்தப் பிள்ளைகளை வாங்க வாங்க என்று கூப்பிட அங்கே ஆயிரம் பேர் கிடைப்பார்கள். உன் அம்மாவுக்காகக் காக்காயைக் கூப்பிட்டுச் சோறு வைக்க நீ ஒருத்தன்தான். படையலில் நெத்திலிக் கருவாடு வைப்பேன். நாற்றம் பொறுக்காவிட்டால் தள்ளி நில், ஆனால் வந்து நில்.

குளிரில் காதை மூடிக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. எத்தனை கோபம் இருந்தாலும் நல்லா இரு என்பதைத் தவிர என் வாயில் வேறு வராது. டிக்கெட் போட்டதும் ரூபீனா போனுக்குச் சொல். ஏர்போர்ட்டுக்கு யார் வருவார்கள் என்று மட்டும் கேட்காதே. அன்றைக்குக் கையாட்டி உன்னை அனுப்பியவர்கள் மூன்று பேர். சொர்ணம் போன ஆவணியில் போனாள். உன் பெரியப்பா இந்தப் பங்குனியில் போனார். மிச்சம் இருப்பவன்,

உன் நைனா
கதிரேசன்