கை தூக்கினால் நிறுத்த வேண்டும்

22-11, வியாழன்

காலையிலிருந்து தூறல். கம்பெனி பஸ் இருபது நிமிஷம் லேட். லேப் முழுக்க ஈரக்குடை நாற்றம்.

மெயின்டனன்ஸ் பிரகாஷ் சார் வந்தார், சாம்பிளுக்காக இல்லை. நான் கண்ணாடிக் குச்சிகளால் மேஜையில் தட்டுவதை எப்போதோ பார்த்திருக்கிறார். சர்ச் சபையில் நான் டிரம்ஸ் வாசிப்பதை என்னோடு லேபில் இருக்கும் ஷமீம் உளறிவிட்டாள். சார் கிடார் வாசிக்கும் பேண்டில் டிரம்மருக்கு மஞ்சள் காமாலை. சனிக்கிழமை சாயங்காலம் ப்ளூஸ் நிகழ்ச்சி, மெதுவான சோகப் பாட்டு வகையாம். கவரைப்பேட்டை தாண்டி ஹைவே ஓட்டல். அதன் பாரில்.

"யோசிச்சு சொல்லும்மா."

யோசிக்காமலே சரி என்றேன். ஏன் சொன்னேன்?

23-11, வெள்ளி

மழை இல்லை. சார் கொடுத்த சி.டி. கேட்டேன். சபையில் கைதட்டல் ஏற ஏற எல்லாப் பாட்டும் வேகமாகும். இது கடைசிவரை ஒரே நடை. கை பரபரக்கிறது, அடக்கணும்.

பயம். ஈஸ்டர் சமயத்தில்தான், பெண்பிள்ளை டிரம்ஸில் உட்காரலாமா என்று சபையில் பெரிய பேச்சு. அப்பா எழுந்து, "எம் பொண்ணுக்கு நான் பொறுப்பு, பாஸ்டர்" என்றார். குடியை விட்டு நாலு வருஷம். சபையில் அவர் வாய் திறந்தது அந்த ஒரு தடவை. பார் விஷயம் தெரிந்தால் என் டிரம்ஸ் ஸ்டூல் போகும். அவர் வார்த்தையும்.

வீட்டில் சொன்ன பொய்: நாளைக்கு ஆடிட், வர ராத்திரி எட்டரை ஆகும்.

அப்பா: "வெறும் வவுத்தோட நிக்காதம்மா. இன்னாவாது சாப்ட்டுக்கோ."

எடுத்துப்போக: குச்சிகள் (குடைக்குள் சுருட்டி), துப்பட்டாவுக்கு சேஃப்டி பின் 4, ஷமீம்.

24-11, சனி

எழுத்து கோணல். பேனா இன்னும் தாளம் தட்டுகிறது.

முப்பது பேர் இருக்கும். எல்லாம் ஆண்கள், பாதி ஃபேக்டரி சூப்பர்வைசர்கள். தெரிந்த முகம் இல்லை. இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஷமீம் சமையல்கட்டு வாசலில் சோடாவோடு. "இன்னாடி இப்டி வேர்த்துக்கினு கீற? டிரம்ஸைத்தானே அடிக்கப் போற, ஆளையா?"

முதல் பாட்டு. மூன்றாவது மேஜையில் ஒருவர் வலது கையைத் தூக்கினார். நிறுத்திவிட்டேன். டக்கென்று. சபையில் பாஸ்டர் கை தூக்கினால் டிரம்ஸ் நிற்கணும், குரல் மட்டும் தொடரும். ஏழு மாதப் பழக்கம். இந்த ஆள் வெயிட்டரைக் கூப்பிட்டிருக்கிறார்.

"யோவ், கரண்ட்டு போச்சா?" என்று ஒரு குரல். சிரிப்பு.

பிரகாஷ் சார் வாசித்துக்கொண்டே திரும்பினார். "கையைப் பார்க்காத. என் காலைப் பாரு."

அவர் கால் தட்டிக்கொண்டே இருந்தது. அதைப் பிடித்து மறுபடி பாட்டுக்குள் வந்தேன். அப்புறம் எத்தனை கைகள்! ஐஸுக்கு, பில்லுக்கு, ஆம்லெட்டுக்கு. ஒவ்வொன்றுக்கும் தயக்கம். நிறுத்தவில்லை. நான்காவது பாட்டு வந்தபோது கைகளே தெரியவில்லை. அவ்வளவு மெதுவாக நான் வாசித்ததே இல்லை. அழுகை மாதிரி ஏதோ, ஆனால் அழுகை இல்லை.

வெளியே வந்தால் உடம்பெல்லாம் சிகரெட், சாராய வாசனை. ஷமீம் அத்தர் பூசிவிட்டாள், கழுத்து, துப்பட்டா, தலை.

அப்பா கதவைத் திறந்தார். ஒரு நொடி அப்படியே நின்றார்.

"கை கழுவிக்கினு வா. சோறு ஆறிப்போவுது."

25-11, ஞாயிறு

வெயில். தலைக்கு இரண்டு தடவை குளித்தேன்.

ஆராதனையில் மூன்றாவது பாட்டு. கைதட்டல் ஏறியது, நான் ஏறவில்லை. பாஸ்டர் கை தூக்கினார். பார்த்தேன். கால் நிற்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. எல்லாத் தலையும் என் பக்கம். அப்புறம்தான் நிறுத்தினேன்.

முடிந்து செருப்புப் போடும்போது பாஸ்டர்: "இன்னாம்மா, கை தூக்குனது தெரியலியா? நேத்து எங்க போயிருந்த, பிராக்டிசுக்கும் வரல?"

அப்பா முன்னால் வந்தார்.

"கம்பெனில ஆடிட்டுங்க பாஸ்டர். தூக்கம் இல்ல புள்ளைக்கு. இனிமே நிறுத்தும், நான் பொறுப்பு."

அப்பா சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்தேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி போய் முடிகிறவரை நின்றோம். திரும்பாமலே சொன்னார்:

"அத்தர் போட்டா போவாதும்மா, அந்த வாசனை."