ஊதாத விசில்

அன்புள்ள பேரனுக்குப் பாட்டி எழுதுவது.

'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்கத்தான் அஞ்சாம் வகுப்பு வாத்தியார் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். அதற்கு மேல் நான் படிக்கவில்லை. ஆனால் நீ நலமாக இல்லை என்று தெரிந்த பிறகு அந்த வரியை எழுதக் கை வரவில்லை. விட்டுவிட்டேன்.

போன் அடித்தால் நீ எடுப்பதில்லை. பக்கத்து வீட்டுப் பெண், "நீங்க சொல்லச் சொல்ல நான் மெசேஜ் தட்டி அனுப்புறேன் பாட்டி" என்று வந்தாள். நம் வீட்டுச் சங்கதி அடுத்தவள் விரல் வழியாகப் போக வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டேன். எனக்கே எழுதத் தெரியும், பிழையில்லாமல். இதை லாரிக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். நீ பிரித்துப் படிக்கும்வரை நகர மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்.

உன்னைப் பற்றிய செய்தியும் அவர் கொண்டுவந்ததுதான். உன் புது யார்டுக்கு இரும்பு ஏற்ற வந்தபோது நீ கிரேன் கூண்டில் இருந்தாயாம். "உங்க பேரன் ராக்கெட்டு மாதிரி வேலை பாக்குறான் பாட்டி. ஒரே ஆளு, ரெண்டு ஷிப்டு" என்று முதலில் சிரித்தார். அப்புறம் குரலை இறக்கி, "வாயில ஒண்ணும் இல்லாமலே மென்னுக்கிட்டு இருக்கான். சட்டை ஆணியில மாட்டின மாதிரி தொங்குது" என்றார். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. நீ ஊரைத்தான் விட்டிருக்கிறாய். தூக்கம் வராமலிருக்கப் போடுகிற அந்த மாத்திரையை விடவில்லை.

இங்கே முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. நீ மாட்டிக்கொடுத்த மின்விசிறி சுற்றுவதைவிடக் கத்துவதுதான் அதிகம். ஆள் வைத்துக் கழற்ற மனம் வரவில்லை, கத்தட்டும் என்று விட்டிருக்கிறேன்.

விசில்காரரை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். கிரேனுக்குக் கீழே நின்று சங்கிலி மாட்டியவர், நீ வாய்க்கு வாய் 'அண்ணே' என்று கூப்பிட்ட அதே மனிதர். வலது கையில் கட்டைவிரல் மட்டும்தான் மிச்சம். இடது கையில் கரண்டியைப் பிடித்துச் சாப்பிடுகிறார், பாதி மடியில் கொட்டுகிறது. என்னைக் கண்டதும், "வாங்கம்மா, உக்காருங்க" என்றார். அவர் மனைவி உட்காரச் சொல்லவில்லை. அவர் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டபடியே, "கையும் போய், பழியும் எங்க தலையில. உங்க பேரனுக்குத் தூக்கம் வருதாம்மா?" என்று கேட்டாள். வரவில்லை என்பதுதானே விஷயமே என்று வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டு தலைகுனிந்து நின்றேன். நான் தலைகுனிந்து யார் பார்த்திருக்கிறார்கள்?

சங்கிலியிலிருந்து கையை எடுக்கும் முன்பே அவர் ஊதிவிட்டார், தப்பு அவருடையது என்கிறது கம்பெனி. அதற்குச் சாட்சி, 'விசில் கேட்டுச்சு, தூக்கினேன்' என்று நீ சொல்லிக் கையெழுத்துப் போட்டது.

கிரேன் வேலை கிடைத்த புதிதில் நீதான் எனக்கு டம்ளரையும் கயிற்றையும் வைத்து விளக்கினாய். "மேல இருந்து பாத்தா இரும்புக்கட்டு ஆளை மறைச்சிரும் பாட்டி. அண்ணன் சங்கிலிய ஒக்காரவச்சு, கைய எடுத்து, தள்ளிப் போய் நின்னு ஊதுவாரு. அதக் காதால கேட்டுத்தான் நான் தூக்கணும்" என்றாய். எனக்கு மறக்கவில்லை.

அன்றைக்கு அவர் ஊதவில்லை. முட்டுக்கட்டையை எடுத்துத் தரச் சொல்லிப் பக்கத்திலிருந்த கூலியாளிடம் பேசிக்கொண்டிருந்தாராம். பேசுகிற வாய் எப்படி ஊதும்? விசில் மார்பில் தொங்கிக்கொண்டிருந்தது. கூலியாளுக்கு எல்லாம் தெரியும். ஆனால் சூப்பர்வைசருக்குப் பயந்து வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான். உங்களுக்கெல்லாம் மிட்டாய் மாதிரி சட்டைப் பையிலிருந்து முழிப்பு மாத்திரை எடுத்து நீட்டிய மகராசன்தானே அந்தச் சூப்பர்வைசர்! லோடு சீக்கிரம் ஏறினால் பெயர் அவனுக்கு. கை போனால் குற்றம் விசில்காரருக்கு.

நீ பொய் சொன்னாய் என்று நான் சொல்ல மாட்டேன். உனக்குக் கேட்டிருக்கும். அவர் ஊதாத விசில் கேட்டிருக்கும்.

யோசித்துப் பார். நான் அடுப்படியில் வாயை மூடிக்கொண்டு வேலையாக இருப்பேன். நீ ஓடிவந்து, "என்ன பாட்டி, கூப்பிட்டியா?" என்று நிற்பாய். யாருமே தட்டாத கதவைப் போய்த் திறந்து பார்ப்பாய். நானோ, "என் பேரனை நான் கூப்பிடவே வேண்டாம், மனசுல நினைச்சாலே வந்து நிப்பான்" என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டேன். எதிர்வீட்டுக்காரி பொறாமையில் வெந்தாள். ஆஸ்பத்திரி நர்ஸிடமும் இதைச் சொன்னேன். அந்தப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அது பாசம் இல்ல பாட்டி. தூக்கத்தக் கெடுத்துக்கிட்டு அந்த மாத்திரையவே போட்டா, இல்லாத சத்தமெல்லாம் காதுல கேக்கும். இப்படியே போனா ஒருநாள் நெஞ்சும் நின்னுரும்" என்றாள். நான் பெருமை என்று தூக்கிவைத்துக் கொண்டாடியதற்கு அவள் வியாதி என்று பெயர் வைத்துவிட்டாள்.

வருகிற திங்கட்கிழமை விசாரணை. நீ வந்து, 'மாத்திரை போட்டிருந்தேன், அப்போது எனக்கு இல்லாத சத்தமெல்லாம் கேட்டது' என்று சொல்ல வேண்டும். சொன்னால் வேலை போகும். போகட்டும். போலீஸ் வந்தாலும் உன்னோடு நான் வருவேன். இதற்கு வைத்தியம் உண்டு என்று அதே நர்ஸ்தான் சொன்னாள். எத்தனை நாள் ஆனாலும் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார எனக்குத் தெம்பு இருக்கிறது.

நீ வராவிட்டால் நான் போவேன். என்னை யாரும் கூப்பிடவில்லை என்றாலும் போவேன். நான் வாய் திறக்காதபோதே உனக்கு என் குரல் கேட்டதை அத்தனை பேர் முன்னாலும் சொல்வேன். வளர்த்தவளே காட்டிக்கொடுத்தாள் என்று உலகம் பேசட்டும். ஆனால் அதை நீயே உன் வாயால் சொன்னால், கொஞ்சமாவது தலை நிமிர்ந்து வீட்டுக்கு வருவேன்.

அங்கேயும் உன் கொக்கிக்குக் கீழே யாரோ ஒருவர் சங்கிலிக்குள் கையை விட்டபடி உன்னை நம்பி நிற்கிறார். அவருக்கும் பொத்தான் போட்டுவிட ஒருத்தி இருப்பாள். இதைப் படித்தவுடன் கூண்டைவிட்டு இறங்கிவிடு. லாரிக்காரர் இன்றே திரும்புகிறார், அவரோடு ஏறிக்கொள்.

நல்லா இரு என்று எழுதி முடிக்க வேண்டும். நீ வந்தால் தலையில் கை வைத்தே சொல்கிறேன்.

அப்போதெல்லாம் நான் உன்னைக் கூப்பிடவே இல்லை கண்ணு. இப்போது கூப்பிடுகிறேன். வா.

உன் பாட்டி